அத்தான் கொண்டுவந்த ஃப்ளைவீல்

எங்கள் அத்தான் ஒரு பழைய இரும்புச் சக்கரத்தைச் சாக்கில் சுற்றி, குளத்தூரில் பஸ்ஸின் மேலே போட்டு, விளாத்திகுளத்தில் இறக்கி வேறு பஸ் மாற்றி, நாகலாபுரத்தில் எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்தாரே என்று எங்கள் அம்மா கண் கலங்கினாள். அத்தனை தூரத்தில் அது எங்கேயாவது உருண்டு விழுந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கார் ஓட்ட வந்ததே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேச வேண்டாம் என்பதற்காகத்தானோ என்று சில சமயம் தோன்றும்.

கார் எங்கள் அப்பாவுடையது. ஐம்பதுகளில் வந்த மாடல். அப்பா செத்த பிறகு எனக்கும் அம்மாவுக்கும் சோறு போட்டது அதுதான். எங்கள் பக்கத்தில் மிளகாயும் பருத்தியும் மழையைப் பார்த்துத்தான் விளையும். கார் அப்படி இல்லை, மழை பெய்யாத வருஷத்திலும் ஜனங்களுக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போக, மாப்பிள்ளை அழைக்க, பத்திரம் பதிய, எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் எங்கள் காரைத்தான் கூப்பிடுவார்கள்.

கரிசல் மண் காய்ந்து கிடக்கும்போது கார் ஓட்ட ஒரு தொந்தரவும் கிடையாது. மழை விழுந்துவிட்டால் அதே மண் வேறு பிறவி எடுத்துவிடும். டயரில் அப்பி, மட்காடுக்குள் ஏறி, சக்கரம் சுற்ற இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். அதிலிருந்து வெளியே வர, கிளட்சைப் பாதி அழுத்திப் பாதி விட்டு, முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்ட வேண்டும். இந்த ஆட்டத்தில்தான் கிளட்ச் பிளேட் எரியும். அந்த ஐப்பசியில் வயிற்று வலியால் துடித்த ஒருவரை ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் வந்தபோது சிக்கிக்கொண்டேன். கருகல் வாடை வந்தது. பிறகு எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. அவரை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, காரை இன்னொரு ஜோடி மாடு கட்டி ரோட்டுக்கு இழுத்தோம். அங்கிருந்து ஒரு லாரி அதைக் கோவில்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனது.

கோவில்பட்டியில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அப்பா காலத்திலிருந்தே பழக்கம். கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அடிப்பிடித்த தோசை மாதிரி இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எஞ்சினின் வால் பக்கத்தில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு, ஃப்ளைவீல். அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிளட்ச் பிளேட் சுற்றும். அதன் விளிம்பில் இருக்கிற பல்லைத் தள்ளித்தான் செல்ஃப் மோட்டார் எஞ்சினைக் கிளப்பும். எங்கள் ஃப்ளைவீலின் முகம் சூட்டில் நீலம் பாய்ந்து, மயிரிழை போல வெடிப்பு விட்டிருந்தது. அப்பா இருந்தபோதே லேத் பட்டறையில் கொடுத்து அதை இரண்டு தடவை சீவி முகம் எடுத்தாயிற்று.

"இன்னொரு தடவை சீவுனா இட்லி அவிக்கத்தான் வச்சுக்கிடணும்" என்றார் மெக்கானிக். ஃப்ளைவீலும் புதிது, கிளட்சும் புதிது என்று முழு செட்டாகப் போட்டுவிடச் சொன்னார்.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பழைய பிளேட்டை எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் எங்கள் மாடலுக்கான செட்டை எடுத்துப் பலகையில் பரப்பினார். பிளேட், அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பேரிங். பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கிற பல் சரியாக உட்கார்ந்தது. ஃப்ளைவீலை மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். செட்டைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நானாகப் பார்த்து, யாரையும் கேட்காமல் முடிவு செய்த காரியங்கள் குறைவு. அதில் இது ஒன்று. பஸ்ஸில் வரும்போது மனசுக்கு நன்றாகவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அத்தான் வந்து இறங்கினார், பின்னால் அக்காள்.

அக்காளைக் கட்டிய அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளத்தூரில் உப்பு ஏற்றப்போகும் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. லாரிகளோடு பழகியதால் தனக்கு வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். ஒரு நட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. எங்கள் கார் கிளட்ச் எரிந்த சங்கதி பஸ் ஏறி அவரிடம் போயிருக்கிறது. உடனே கிளம்பிவிட்டார்.

"ஏலே, கடையில போயி புதுசு வாங்குதது எதுக்கு? நம்ம லாரி செட்டுல ஒரு காரை உடைச்சாங்க. பெரிய எஞ்சின். இதைப் போடு, உன் வண்டிக்கு யானை பலம் வந்துரும்."

சாக்கைப் பிரித்தேன். எங்கள் கார் கம்பெனியின் சக்கரம்தான், ஆனால் பிற்பாடு வந்த புது மாடலுக்கு உள்ளது. முகம் அகலம். விளிம்பில் பல் பொடியாக இருந்தது. உப்புக் காற்றில் கிடந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவியிருந்தார்கள். விரலால் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தட்டுப்பட்டது. இது நம் மாடல் இல்லை போலிருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னேன்.

"சக்கரம்னா சக்கரந்தாம்லே. வட்டமா இருக்குல்லா?" என்று சொல்லி அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அதற்குள் அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை கொண்டுவந்த பொருள். நடுவில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோழி அடித்தோம். துருப்பிடித்த இரும்புக்கு ஒரு கோழி.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பிறக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளை கையால் கொண்டுவந்ததை வேண்டாம் என்றால், அந்தப் பொருளை வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம் இல்லை, அவரையே வாசலோடு அனுப்பிவிட்டதாக அர்த்தம். எங்கள் அத்தான் இந்தக் கணக்கில் மகா கெட்டி. அதற்கு முந்திய ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு முன்னால் வேறொருவருக்கு இலை போட்டுவிட்டார்கள். எழுந்து போனவர் வெகு நாள் அக்காளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவே இல்லை. இடையில் அம்மா மஞ்சள் காமாலையில் கிடந்தாள். பிழைப்பாளா என்று ஊரே வந்து பார்த்தது. பெற்ற மகள் வரவில்லை. அவள் அழுதுகொண்டே குளத்தூரில் இருந்தாள். ஒரு இலைக்காக.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கோழி இறகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அக்காள் என்னைக் கூப்பிட்டாள்.

"அது உன் வண்டிக்குச் சேராதுன்னா போடாதலே. ஆனா அவிய மொகத்துக்கு நேரே வேண்டாம்னு சொல்லிராத. பொங்கலுக்கு நான் இங்கன வரணும்."

இரண்டையும் ஒருசேரச் செய்வது எப்படி என்று அவளும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் எது முக்கியம் என்பது தெரிந்தது. அவள் பொங்கலுக்கு வர வேண்டும்.

மறுநாள் அத்தான் என்னோடு கோவில்பட்டிக்கு வந்தார். மெக்கானிக் பார்த்த உடனே மறுத்துவிடுவார் என்றுதான் நம்பியிருந்தேன். மாடல் வேறு என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சாக்கைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. பல்லைத் தடவினார். வாயைத் திறக்கப் போனவர், சந்தனத்தைப் பார்த்தார். அத்தானின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், நான் கை கட்டி நிற்பதைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை கொண்டாந்ததா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். சொல்லும்போதே, மாட்டேன் என்று சொல்லுங்கள் அண்ணாச்சி என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு, "அப்பம் இதையே போட்டுற வேண்டியதுதான்" என்றார். அவர் வீட்டிலும் மாப்பிள்ளைகள் உண்டு.

அவர்மேல் எனக்கு வந்த கோபம் அத்தான்மேல் வந்ததற்குக் குறைந்தது இல்லை. அத்தானுக்குத் தெரியாது, செய்தார். இவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை இவர் வாயால் வந்திருந்தால் மெக்கானிக் சொன்னான் என்று பழி அவரோடு போயிருக்கும், அக்காளும் தப்பித்திருப்பாள். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் அடுத்த வீட்டு மாப்பிள்ளை மனம் கோணாமல் நடந்துகொள்வது எல்லோருக்கும் ஒரு கடமை.

நடுத் துளையும் போல்ட் துளைகளும் பொருந்தித் தொலைத்தன. ஒரே கம்பெனி பாருங்கள். பொருந்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் முகம் அகலமாக இருந்ததால் நான் எடுத்து வைத்திருந்த கிளட்ச் செட் அதில் உட்காராது. புது மாடலுக்கு உள்ள பெரிய செட்தான் வாங்க வேண்டும். கடைக்குப் போனோம். நான் தனியே எடுத்து வைக்கச் சொன்னதைக் கடைக்காரர் பலகையில் வைத்தார். அத்தான் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, பெரியதை எடுக்கச் சொன்னார்.

"உங்க வண்டி பழைய மாடல்லா? அதுக்கு இது வராதே" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு வாங்கல அண்ணாச்சி. ஃப்ளைவீலுக்கு வாங்குதோம்" என்றார் அத்தான்.

அவர் வாயிலிருந்து வந்ததிலேயே அதுதான் சுத்தமான உண்மை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் செட் திரும்ப அலமாரிக்குப் போனது. காருக்குத் தகுந்த சக்கரம் என்பது போய், சக்கரத்துக்குத் தகுந்த கிளட்ச், கிளட்சுக்குத் தகுந்த மாதிரி காரையே அரத்தால் ராவுவது என்று ஆயிற்று. உண்மையாகவே ராவினார்கள். சக்கரத்தை மூடுகிற மூடியின் உள்பக்கம் உரசியது என்று இரும்பைத் தேய்த்து எடுத்தார்கள். செல்ஃப் மோட்டாரின் பல் புதுப் பல்லோடு சேரவில்லை என்று, மோட்டாருக்கு அடியில் தகட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்தார்கள். அத்தான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தார். என் அப்பா தினம் துடைத்து வைத்திருந்த வண்டியிலிருந்து இரும்புத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு செல்ஃப் எடுக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, பல்லைப் பல்லால் நறநறவென்று கடிக்கிற சத்தம். அதன் பிறகு பத்து முறை பொத்தானை அமுக்கினால் ஒரு முறை பிடிக்கும். பிறகு அதுவும் இல்லை. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம் என்றால், ஹேண்டில் பிடிக்கிற நட்டு அப்பா காலத்திலேயே மழுங்கிவிட்டது. மிச்சம் இருந்த வழி தள்ளுவதுதான்.

தினம் தள்ளினோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தள்ளினார்கள். நோயாளியை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவருடைய சொந்தக்காரர்கள் தள்ளினார்கள். "டிக்கெட்டு நாங்க குடுக்கணுமா, இல்ல நீரு எங்களுக்குக் கூலி குடுப்பீரா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் என் காருக்கு மாட்டு வண்டி என்று பேர் வைத்தார், மாடு நாங்கதான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் விளாத்திகுளத்துக் கார்க்காரரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நோயாளியை வைத்துக்கொண்டு யார் காரைத் தள்ளுவார்கள்?

அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பொங்கல் கழியட்டும், அவள் ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும் என்றாள். அத்தான் அடிக்கடி வந்து போகிறவர். காரின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். பற்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு அந்தச் சக்கரம் பொங்கலுக்காகக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிறிஸ்தவக் கல்யாணம். பக்கத்து ஊர் மாப்பிள்ளை, கோவில்பட்டியில் சர்ச். அவர்கள் குடும்பம் அப்பா காலத்திலிருந்து எங்கள் காரைத்தான் பிடிக்கும். என் வண்டியின் யோக்கியதை தெரிந்தும் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மரியாதைக்காகவே, முதல் நாள் இரவு வண்டியைக் கழுவித் துடைத்தேன். காலையில் அத்தான் எங்கள் வீட்டில் இருந்தார். முந்தின நாளே ஏதோ வேலையாக வந்தவர், "நானும் கோவில்பட்டிக்குத்தான் போறேன்" என்று சொல்லி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தப்பி வந்த மார்கழி மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. தெருவெல்லாம் கரிசல் குழம்பு. நான் எஞ்சினை அணைக்கவே இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தி, ஓடவிட்டுக்கொண்டே காத்திருந்தேன். மாப்பிள்ளை கோட்டு, டை எல்லாம் போட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து பின்னால் ஏறினார். தோழனும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். அப்போது அவர்கள் ஊர்ச் சபை உபதேசியார் காருக்கு முன்னால் வந்து நின்றார். பிரயாணத்துக்கு ஜெபம் பண்ண வேண்டும். கண்ணை மூடி ஆரம்பித்தவர், எஞ்சின் சத்தத்தில் கண்ணைத் திறந்து, அணைக்கும்படி என்னிடம் கையால் சாடை காட்டினார்.

அணைத்தேன். ஜெபம் பண்ண வந்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஜெபம் நல்ல நீளம். ஆமென் சொன்னதும் பொத்தானை அமுக்கினேன். கர்ர் என்றது. மறுபடியும் கர்ர். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு தோழன் இறங்கினான். மற்ற இரண்டு பேர் இறங்கினார்கள். சேற்றில் வண்டி அசையவில்லை. பிறகு கல்யாண மாப்பிள்ளையே இறங்கினார். கோட்டைக் கழற்றி உபதேசியார் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கால்சட்டையோடு கரிசல் சேற்றில் கால் வைத்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் நெற்றியில் வழிந்தது வேர்வையா, தலைக்குத் தடவிய எண்ணெயா தெரியவில்லை.

அத்தான் முன் சீட்டிலேயே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எல்லாரும் ஒண்ணு போல தள்ளுங்கப்பா. ஆளாளுக்குத் தள்ளுனா எப்படி?" என்றார். துண்டால் விசிறிக்கொண்டார். அத்தான் நல்ல கனம், ஒரு உப்பு மூட்டைக்குக் குறையாது.

எனக்குள்ளே என்ன நடந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் யோசித்துப் பேசவில்லை. காதுக்குள் இரைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

"அத்தான், இறங்கித் தள்ளுங்க."

"ஏலே, யாரைப் பாத்துச் சொல்லுத?"

"உங்களைத்தான். உங்க சக்கரந்தான இது. இறங்கித் தள்ளுங்க."

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். உபதேசியார் ஓடிவந்து, அண்ணாச்சி உட்காரட்டும் தம்பி, நான் ஒரு கை கொடுக்கிறேன் என்றார். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அதுவும் நான். கதவைத் திறந்து இறங்கினார். செருப்பு சேற்றில் புதைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காரைத் தொடாமல், பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் மண் அப்பி, அவர் உயரமாகிக்கொண்டே போனார். கனம் குறைந்ததாலோ என்னவோ, அடுத்த தள்ளலில் வண்டி கிளம்பிவிட்டது.

சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் கால்சட்டையைக் குழாயடியில் கழுவிவிட்டார்கள். பெண் வீட்டார் முகம் சரியில்லை. நேரம் தாண்டியிருந்தது. கல்யாணம் நடந்தது. இறக்கிவிடும்போது அந்தப் பையன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பொங்கலுக்கு அக்காள் வரவில்லை.

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்து, நான்தான் குடியைக் கெடுத்தேன் என்றாள். வாழைத்தாரும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு குளத்தூருக்குப் போய் அத்தான் காலில் விழச் சொன்னாள். விழுந்தால் என்ன, நெத்தி என்ன தேஞ்சா போகும் என்றாள். பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, நேராகக் கோவில்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

கழற்றுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். மாப்பிள்ளை சங்கடப்பட மாட்டாரா என்று அவர் ஆரம்பித்தார். கழற்றுங்கள் அண்ணாச்சி என்று மறுபடியும் சொன்னேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கத்துப் பல் முழுக்க மழுங்கி வழுவழுவென்று இருந்தது. புதிதாக வாங்கிய பெரிய பிளேட்டும் துருக்குழிகளில் உரசி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நான் அன்னைக்கே நினைச்சேன் தம்பி என்றார் அவர். அன்றைக்கு நினைத்ததை வைத்து நான் என்ன செய்வது?

செல்ஃப் மோட்டாரையும் கழற்றி வாங்கிக்கொண்டேன். தேய்ந்துபோன அதன் பல்லை மட்டும் மெக்கானிக் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அதைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தேன். எங்கள் மாடலுக்கு உள்ள புது ஃப்ளைவீல் மதுரையிலிருந்து வந்து, வாங்க ஆளில்லாமல் கடையில் கிடந்தது. அதைப் பலகையில் வைக்கச் சொன்னேன். இரும்பு ஸ்கேலை முகத்தின் குறுக்கே நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன். விளிம்பைச் சுற்றி நகத்தால் பல் பல்லாக வருடினேன். பிறகு சாக்கிலிருந்து மோட்டாரை எடுத்துப் பலகையிலேயே வைத்து, அதன் பல்லைச் சக்கரத்தின் பல்லோடு சேர்த்துக் கையால் உருட்டினேன். எண்ணெய் போட்ட மாதிரி போனது. கிளட்ச் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், ரிவெட் ரிவெட்டாகத் தடவினேன். வாங்க வந்த மற்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்குதீரு" என்றார் கடைக்காரர். "கூட வந்த பெரியவரு எங்க?"

அவிய வரல என்றேன். பணம் எப்படிப் புரட்டினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதினால் கோபம் இன்னும் கூடும்.

அடுத்த நாள் கார் தயார். பொத்தானைத் தொட்டேன், கிளம்பியது. அத்தானின் ஃப்ளைவீலை அதே சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டேன். வாழைத்தார் வாங்கவில்லை. குளத்தூருக்குப் போனேன்.

அத்தான் வாசலில் நார்க்கட்டிலில் இருந்தார். அக்காள் உள்ளே முற்றத்தில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் காலில் விழத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், நிமிர்ந்து உட்கார்ந்தார். டிக்கியைத் திறந்து, சாக்கைத் தூக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். தரையில் இடித்தபோது மணி அடித்த மாதிரி சத்தம் வந்தது. இது உங்கள் பொருள், என் வண்டிக்குச் சேரவில்லை என்றேன். அவ்வளவுதான் சொல்ல நினைத்து வந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவர் சாக்கைக் காலால் தள்ளினார்.

"குடுத்ததைத் திருப்பிக் கொண்டாந்து போடுத வீட்டுல எனக்கு இனி சம்பந்தம் இல்ல. உங்க அக்காளையும் இப்பமே ஏத்திட்டுப் போயிரு."

இது எங்கள் பக்கத்தில் சொல்கிற சொல்தான். சொன்னதும் பெண் வீட்டார் பதறி, கையைப் பிடித்து, காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அதைச் சொல்வார்கள். இத்தனை நாள் இந்த ஒரு வார்த்தைக்குத்தானே பயந்தோம். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நின்றேன்.

அக்காள் கையைக் கழுவினாள். உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் ஒரு ஒயர் கூடை, அதில் இரண்டு சேலை. அத்தானைத் தாண்டி வந்து, அவர் எப்போதும் உட்கார்கிற முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எங்க போற?"

"ஏத்திட்டுப் போன்னு நீங்கதான சொன்னீய. அம்மைய ஒரு வாரம் பாத்துட்டு நானே வாரேன். அரிசி டின்ல இருக்கு."

அத்தான் எழுந்து நின்றார். நான் ஓடிப்போய் ஏறினேன். இந்த நேரத்தில் செல்ஃப் எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தேன். அவரையே வந்து தள்ளச் சொல்ல வேண்டியிருக்கும். பொத்தானை அமுக்கினேன். ஒரே தொடலில் பிடித்தது. கிளட்சை விட்டேன், ஒரு உதறல் இல்லாமல் வண்டி நகர்ந்தது.

விளாத்திகுளம் தாண்டியது. அக்காள், எப்போதோ செய்திருக்க வேண்டியதைச் செய்ய ஒரு இரும்பு வர வேண்டியிருந்ததே என்றாள். யாரைச் சொன்னாள், என்னையா, அவளையா என்று நான் கேட்கவில்லை. அவள் முகமும் கோபமாகத்தான் இருந்தது.

சொன்னபடி ஒரு வாரத்தில் பஸ் ஏறித் திரும்பிப் போனாள். அதன் பிறகு அம்மாவைப் பார்க்க நினைத்தபோதெல்லாம் அவளே வந்தாள். அத்தான் தடுக்கவில்லை. தடுக்க அவரிடம் இருந்த ஒரே சொல்லைத்தான் அன்றைக்கே செலவழித்துவிட்டாரே.

ஆனால் அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சக்கரம் இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் கிடக்கிறது, தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஒரு மூலையில். வருகிற போகிறவர்களிடம் அதைக் காட்டி, முதல் தரமான சாமான், என் மச்சினனுக்கு ஓட்டத் தெரியவில்லை, பல்லையெல்லாம் தின்றுவிட்டான் என்கிறார். போன மாதம் எங்கள் வீட்டு விசேஷத்திலும் சொன்னார். பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் போட்டிருந்தோம். கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் சாம்பார் வாளியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அவர் இலைக்கு என் கையால் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை, இனியும் வராது.